எழுபது அண்ணனும் வெள்ளிக்கிழமை லைனும்

நிறைந்த எதையும் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாத மனிதர் ஒருவர் உண்டு என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் அவருக்கு எதிர் மேஜையில் ஆறு வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். நிறைந்த டம்ளரில் டீ குடிக்க மாட்டார். நிறைந்த பஸ்ஸில் ஏற மாட்டார். நிறைந்த வாளியைத் தூக்க மாட்டார். கல்யாண மண்டபத்தில் கூட்டம் நிறைந்துவிட்டால், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்திருந்தாலும் சரி, எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார்.

இதற்கெல்லாம் அவரிடம் இருந்த அளவுகோல் ஒன்றுதான். எழுபது சதவீதம். உலகத்தில் எந்தப் பொருளும் எழுபது வரைக்கும் நன்றாக இருக்கும், அதற்கு மேல் கெட்டுப்போகும் என்பது அவருடைய சித்தாந்தம்.

"எழுபது ஆனா நெறஞ்சாச்சு ஆக்கும். பாக்கி முப்பது நமக்குள்ளது இல்ல."

"பின்ன ஆருக்குள்ளது?" என்று கேட்டால், "வரப்போறவனுக்குள்ளது" என்பார்.

அதனால் அவர் எங்களுக்கு எழுபது அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய அம்மாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும்.

அவர் குடியிருந்தது கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில். எங்கள் ஆபீஸ் தனுவச்சபுரம் போகிற வழியில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில். காலை நேரத்தில் அந்த வழியாகப் போகும் பஸ்ஸெல்லாம் காலேஜ் பிள்ளைகளால் பிதுங்கும். அண்ணன் ஸ்டாப்பில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துத் தலையாட்டி அனுப்பிவிடுவார். ஒன்பது மணி ஆபீசுக்குப் பத்தரைக்கு வந்து சேருவார். நாளாவட்டத்தில் கண்டக்டர்களுக்கே அவருடைய நோய் பழகிவிட்டது. "சேட்டா, அறுபத்தஞ்சே உள்ளூ, கேறிக்கோ!" என்று படிக்கட்டிலிருந்து மலையாளத்தில் கூவுவார்கள். அறுபத்தைந்துதான், ஏறிக்கொள்ளுங்கள் என்பார்கள். அண்ணன் எட்டிப் பார்த்து, தலைகளை எண்ணி, கண்டக்டர் சொன்னது உண்மைதான் என்று தெரிந்த பிறகே காலை வைப்பார்.

விருந்துச் சாப்பாட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்குப் பசியே போய்விடும். இலையில் எல்லாரும் இரண்டாம் முறை சோறு வாங்கும்போது அவர் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏன் அண்ணே, கறி கொள்ளாதா?"

"கறி நல்லாத்தான் இருக்கு. பாயசம் மூணு கூட்டம் உண்டு, அடுக்களையில பாத்துட்டுத்தான் வாறேன். வாறது தெரிஞ்ச பிறகும் எடம் வைக்காதவன் மடையன் ஆக்கும்."

பாயசம் வரும். மூன்றையும் ஒரு கை பார்ப்பார். நாங்கள் சோற்றைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழிப்போம்.

இப்படிப்பட்டவருக்கு அமைந்த வேலையும் அப்படி. எங்கள் முதலாளி ஸ்டெல்லா அக்கா. அவர் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் கேபிள் டிவி நடத்தியவர். கம்பத்தில் ஏறுவது அவருக்குப் பிடிக்கும், ஆபீசில் உட்காருவது பிடிக்காது. அதனால் கம்பம் அவருக்கு, ஆபீஸ் அக்காவுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். டிவி பார்ப்பவர்கள் குறைந்து எல்லாரும் நெட் கேட்க ஆரம்பித்ததும் அக்கா நெட் கொடுக்கத் தொடங்கினார். வீடு வீடாக ஏறி இறங்கித்தான் கனெக்ஷன் பிடித்தார். வீடுகள் கூடக் கூட, வருகிற லைன் தாங்குமா என்ற கேள்வியும் கூடியது. அதற்காகத்தான் எழுபது அண்ணன்.

எங்கள் பகுதிக்கு நெட் வருவது திருவனந்தபுரத்திலிருந்து ஒரே லைனில். அது எவ்வளவு தாங்கும், இன்னும் எத்தனை வீட்டை அதில் சேர்க்கலாம், எப்போது இன்னொரு லைன் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. மற்ற ஊர்களில் இதைக் கம்ப்யூட்டரைப் பார்த்துச் செய்வார்கள். எங்கள் அண்ணன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் செய்தார்.

வீட்டுக்குப் பின்னால் பெரிய அட்டைப்பெட்டி கிடந்தால் புது டிவி வந்திருக்கிறது என்று அர்த்தம். மாடியில் அறை எழும்பினால் மகன் கல்யாணம். கொடியில் புது யூனிபாரம் காய்ந்தால் பிள்ளை ஒரு கிளாஸ் ஏறியிருக்கிறது, இனி செல்போனில் பாடம் பார்க்கும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டை ஒருநாள் திறந்து பார்த்தேன். "குருசடிக்குப் பக்கம் மூணாம் வீடு. டிவி பெரிசு. மருமொவன் விசா எதிர்பார்ப்பு. ஆறு மாசத்தில் எகிறும்" என்று எழுதியிருந்தது. போலீஸ்காரர் கையில் கிடைத்திருந்தால் அண்ணனை அப்படியே கொண்டுபோயிருப்பார்கள்.

போலீசில் மாட்டவில்லை, ஆனால் ஒரு வீட்டில் மாட்டினார். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் புதிதாக லைன் இழுக்கப் போகும் ஒரு தெருவில், வாசலில் நின்ற அம்மாவிடம் வழக்கம்போல விசாரித்திருக்கிறார்.

"மூத்தவனுக்கு எங்க வேல?"

"ஓமான்ல."

"கெட்டியாச்சா?"

"இல்ல, பாத்துட்டு இருக்கோம்."

"கெட்டினா பெண்ணக் கொண்டு போவானா, இஞ்ச விட்டுட்டுப் போவானா?"

அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டு வருசம் இஞ்சதான் நிக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

"கொள்ளாம், கொள்ளாம்" என்று அண்ணன் திருப்தியோடு நோட்டில் எழுதினார். தினமும் இரண்டு வீடியோ கால் உறுதி என்பது அவர் கணக்கு. அந்த அம்மா உள்ளே ஓடி டீயும் நேந்திரங்காய் சிப்ஸும் கொண்டுவந்தார். கிளம்பும்போது ஒரு கவரையும் கையில் கொடுத்தார். அண்ணன் அதை ஆபீசில் கொண்டுவந்து பிரித்தார். பையனுடைய போட்டோவும் ஜாதகமும்.

"மக்கா, இத எதுக்கு எனக்கிட்ட தந்து விட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் கீழே பேக்கரிக்காரர் ஏறி வந்துவிட்டார். இதில் விசேஷம் என்னவென்றால், போட்டோவை வாங்கிப் பார்த்த ஸ்டெல்லா அக்கா தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சொல்லி, அந்தக் கல்யாணமே நடந்துவிட்டது. மண்டபம் நிறைந்ததும் அண்ணன் வேப்பமரத்தடிக்குப் போனார்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஹாஸ்டல் காரியம் வந்தது.

தனுவச்சபுரத்தில் மூன்று லேடீஸ் ஹாஸ்டல் வைத்திருந்த ஒருவர் அக்காவைக் கூப்பிட்டு, மூன்றுக்கும் சேர்த்து நெட் தர முடியுமா என்று கேட்டார். நகரத்துப் பெரிய கம்பெனி ஒன்றின் கேபிள் அப்போதே ஹைவே வரைக்கும் வந்துவிட்டிருந்தது. ஹாஸ்டல் அவர்கள் கைக்குப் போனால், அதைச் சாக்காக வைத்துச் சந்துக்குச் சந்து நுழைவார்கள். எங்கள் அக்கா பழையபடி சீரியல் காட்டிப் பிழைக்க வேண்டியதுதான், அதுவும் எத்தனை நாளைக்கோ. சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஹாஸ்டல்காரர் கெடு வைத்தார். இரண்டாவது லைன் ஏற்பாடு செய்ய மூன்று மாதம் ஆகும். இருக்கிற லைனில்தான் கொடுத்தாக வேண்டும்.

அண்ணன் முடியாது என்றார்.

"எட்டு வருசமா ஒவ்வொரு வீட்டுலயும் ஏறி, 'நெட்டு வேணுமா, நெட்டு வேணுமா'ன்னு கேட்டுட்டு நடந்தேன். இப்ப ஒருத்தரு வீட்டுல வந்து கூப்பிட்டுத் தாறாரு. நீரு வேண்டாம்னு சொல்லுதீரு!" என்றார் அக்கா.

"லைன் நெறஞ்சாச்சு, மொதலாளி."

"எங்க நெறஞ்சு? கம்ப்யூட்டருல பாதிகூட இல்லியே!"

"வெள்ளிக்கிழம நெறஞ்சு."

இந்த வெள்ளிக்கிழமைக் கதையை நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டுக்கு ஒரு ஆள் கல்ஃபில் இருப்பார். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. நம் நேரத்துக்குப் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அவர்கள் எழுந்து, குளித்து, போனைக் கையில் எடுப்பார்கள். மற்ற ஊர்களில் நெட் திணறுவது ராத்திரியில். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மத்தியானம். அந்த இரண்டு மணி நேரமும் என் மேஜையில் இருக்கும் கம்ப்ளெய்ன்ட் போன் ஓயாது. "அவருக்க மொகம் கட்டம் கட்டமா வருது," "வாய் அசையுது, சத்தம் வரல்ல," "பாதிப் பேச்சுல நின்னுபோச்சு."

நான் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். "அது அக்கரையில உள்ள கோளாறாக்கும்." ஊரே அதை நம்பியது. அங்கே வீடியோ காலுக்கு ஆயிரம் தடை உண்டு என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்தோம். நானும் நம்பினேன். என் வீட்டுக்காரர் அப்போது சவுதியில், தம்மாமில் இருந்தார். எங்கள் வாராந்தரப் பேச்சில் பாதி இதிலேயே போகும். "உங்க ஊரு நெட்டு கொள்ளாது" என்பேன். "உனக்க ஆபீஸு நெட்டுதாண்டி கொள்ளாது" என்பார். அதற்குள் அவர் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார்.

கோளாறு எங்கள் பக்கம்தான் என்று ஒரு வருஷமாக அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் எழுபது அண்ணன். எனக்கு அது ஹாஸ்டல் பேச்சில்தான் தெரிந்தது. இரண்டாவது லைன் வேண்டும் என்று மாதா மாதம் கேட்பார். "வாரத்துல ரெண்டு மணிக்கூருக்காக இன்னொரு லைனா?" என்று அக்கா மாதா மாதம் மறுப்பார்.

ஹாஸ்டல் விஷயத்தில் அண்ணன் அசையவில்லை என்றதும், அக்கா திருவனந்தபுரத்திலிருந்து ஒரு எஞ்சினியரை வரவழைத்தார். வியாழக்கிழமை வந்தார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. லேப்டாப்பைத் திறந்து ஒரு மாதத்துக் கிராஃபைக் காட்டி, "ஆவரேஜ் நோக்கிக்கே அக்கா, பகுதி போலும் இல்ல. ஹாஸ்டல் தைரியமாயிட்டு எடுத்தோ" என்றார். சராசரி பாதிகூட இல்லை, தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அக்கா முகத்தில் வெளிச்சம் வந்தது.

அண்ணன் கிராஃபில் வாரத்துக்கு ஒன்றாகக் குத்திட்டு நின்ற நான்கு முனைகளைத் தொட்டார். "சாறே, இது என்ன?"

"அது ஸ்பைக் ஆணு. விட்டு களயாம்." எப்போதாவது வரும் துள்ளல்தான், விட்டுவிடலாம் என்றார்.

"அது ஸ்பைக்கு இல்ல சாறே. அது ஆளாக்கும்."

எஞ்சினியருக்குப் புரியவில்லை. அண்ணன் வாதாடவும் இல்லை. நாளைக்கு மத்தியானம் வந்தால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்டு என்றார். கிராஃபுக்கு வராவிட்டாலும் மீன்கறிக்கு வராத மனிதர் எங்கள் நாட்டில் கிடையாது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அண்ணன் முன்னால் நடக்க, எஞ்சினியர், அக்கா, நான் மூன்று பேரும் பின்னால் நடந்தோம்.

முதல் வீட்டில் குளிமுறிக்கு டைல் ஒட்டும் வேலை. வீட்டுக்காரர் குவைத்திலிருந்து மேற்பார்வை பார்க்கிறார். பெயின்ட் டப்பாவின் மேல் சாய்த்து வைத்த போனிலிருந்து, "சரிவு பத்தாது, தண்ணி கெட்டி நிக்கும், அந்த மூலையில..." என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டார். எந்த மூலை என்று கொத்தனாருக்குத் தெரியவில்லை. அவர் நின்ற நேரத்துக்குள் கொத்தனார் ஆறு டைல் ஒட்டிவிட்டார். படம் திரும்ப அசைந்ததும் குவைத்திலிருந்து வந்த அலறலை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் வீடியோ காலில் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். மஸ்கட்டிலிருந்து மகன், "அப்பா, காதக் காட்டாதீங்க, மொகத்தக் காட்டுங்க" என்று கெஞ்சுகிறார். பெரியவர் போனை முகத்துக்குத் திருப்புவதற்குள் படம் நின்றுவிட்டது. மகனுக்கு அந்த வாரம் கிடைத்தது காது மட்டும்தான். லைன் திரும்ப வந்தபோது பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டார். போனை எங்கள் பக்கம் திருப்பி, "எலே, இதாக்கும் நெட்டுக்க பெரிய சாறு. திருவனந்தபுரத்துல இருந்து வந்திருக்கு" என்று எஞ்சினியரை அறிமுகப்படுத்தினார்.

மஸ்கட்டில் முகம் மலர்ந்தது. "சாறே, உங்கள ஒருக்க பாக்கணும்னு ரெண்டு வருசமா நெனச்சுட்டு இருக்கேன். நீங்க என்ன..." நின்றுவிட்டது. மனுஷன் திட்டுவதற்குக்கூட லைன் கிடைக்காமல் வாயைத் திறந்தபடி நின்ற அந்தக் காட்சியை எஞ்சினியர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த வீடுகளில் ஒருத்தி பலாமரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி பிள்ளையின் புதுப் பல்லைக் காட்ட வாயைப் பிளந்து பிடித்திருந்தாள், பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அப்பாவுக்குத் தெரிந்தது பல் இல்லை, சாம்பல் நிறக் கட்டம். எஞ்சினியரின் சட்டை இஸ்திரி அதற்குள் கலைந்துவிட்டது.

"ஹாஸ்டல் கூடிச் சேர்த்தால் பணி கிட்டும்" என்று மெல்லச் சொன்னார். சேர்த்தால் வம்புதான் என்று ஒத்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்லா!" என்று அண்ணன் அக்காவைப் பார்த்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷம். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. மறுநாள் சனிக்கிழமை. அக்கா ரோட்டோரத்தில் நின்றார். எட்டு வருஷம் ஏறி இறங்கின வாசல்களெல்லாம் அந்தத் தெருவில்தான் இருந்தன.

அப்போது தனுவச்சபுரம் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே இரண்டே பேர். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பினார்.

"அண்ணே, காலம்பற இந்த பஸ்ஸுல எடம் இல்லாமத்தானே நீரு பிந்தி வாறீரு?"

"ஆமா."

"இப்ப எதுக்குக் காலியா போவுது?"

"பிள்ளைய எல்லாம் காலேஜுல இருக்குமே."

"அப்ப வெள்ளிக்கிழம பன்னெண்டு மணிக்கு ஹாஸ்டல்ல ஆரு இருப்பா? வார்டனும் பூனையும்! அந்தப் பிள்ளைய வந்து நெட்டத் தொறக்குதது சாயங்காலம். மத்த நாளு சாயங்காலம் கல்ஃபுக்காரன் வேலையில நிப்பான், வெள்ளிக்கிழம பேசி முடிச்சிருப்பான். ரெண்டு கூட்டரும் எங்க வச்சு முட்டிக்கிடுவா?"

எஞ்சினியர் அக்காவைப் பார்த்தார். அண்ணன் ஒரு மதில் மேல் உட்கார்ந்துவிட்டார். விரல்களை மடக்கி மடக்கி, உதடு அசைய, வானத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம். நாங்கள் மூன்று பேரும் வெயிலில் நின்று அவர் வாயையே பார்த்தோம். கடைசியில் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"சாயங்காலம் எல்லாங்கூடிச் சேந்தாலும் அறுபத்தெட்டு" என்றார். எஞ்சினியர் லேப்டாப்பில் போட்டுப் பார்த்து, சரிதான் என்றார்.

"ஆனா ஒரு காரியம், மொதலாளி. ஹாஸ்டல் வந்த பிறகு மொத வேல ரெண்டாமத்த லைன் ஆக்கும். வெள்ளிக்கிழமக்கு."

"மாதா மேல சத்தியம்" என்றார் அக்கா. அவர் கண்ணைத் துடைத்ததை நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி மீன்கறி சாப்பிடப் போனோம்.

ஹாஸ்டல் எங்களுக்கே வந்தது. அண்ணன் மூன்று நாள் நோட்டைத் திறக்கவே இல்லை. ஒரே இடத்தில் காலையில் ஒருத்தனும் மாலையில் ஒருத்தனும் உட்காரலாம் என்பது, இத்தனை வருஷம் இடத்தையே எண்ணிக்கொண்டிருந்த தனக்குத் தோன்றவில்லையே என்ற விசனம். நாலாம் நாள், "மொதலாளின்னா மொதலாளிதான்" என்று பொதுவாகக் காற்றில் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார்.

அக்கா வாக்கு மாறவில்லை. மூன்று மாதத்தில் இரண்டாவது லைன் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு என் மேஜையில் போன் அடிக்கவே இல்லை. செத்துவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய் தம்மாமைக் கூப்பிட்டேன்.

அவருடைய முகம் முழுசாக வந்தது. மீசையில் நரை விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே சுருக்கம். ஒரு வருஷமாக நான் அதையெல்லாம் பார்க்கவே இல்லை.

"என்ன, ஒண்ணும் பேசாம பாத்துட்டு இருக்க?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

கீழே வந்து அண்ணனிடம் கேட்டேன். ஊரெல்லாம் அக்கரையைக் குற்றம் சொன்னபோது, கோளாறு நம் பக்கம் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அண்ணன் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நீ வெள்ளிக்கிழமதோறும் தல சீவிட்டு மேல போவ. வரும்போ கண்ணு செவந்திருக்கும். பொறவு போன எடுத்து, 'அக்கரையில கோளாறாக்கும்'னு மத்த பெண்ணுவளுக்குச் சமாதானம் சொல்லுவ. கேட்டுட்டு இருக்க எனக்குக் கஷ்டமா இருந்து. ஒருநாளு நீ மேல போன நேரம் பாத்து லைனத் தொறந்து நோக்கினேன்."

"அத அன்னைக்கே எனக்கிட்ட சொல்லப்பிடாதா அண்ணே?"

"சொன்னா நீ இன்னும் கரைஞ்சு அழுவ. சரியாக்கிட்டுச் சொல்லுவம்னு நெனச்சேன். ஒரு வருசம் ஆயிப்போச்சு, மக்கா."

இப்போது அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பாலராமபுரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். என் வீட்டுக்காரரும் தம்மாமை விட்டு ஊரோடு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார்.

அந்த நேரத்தில் நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் பாலராமபுரத்துக்கு வீடியோ கால் போடுகிறேன். "என்ன மக்கா, விசேஷம் வல்லதும் உண்டா?" என்பார் அண்ணன். ஒரு விசேஷமும் இருக்காது. அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.